சார்புக்கு நேர்மாறு உண்டா? தீர்க்கத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

"நேர்மாறு காண்க" என்று வினா வந்தவுடனே இரண்டு எழுத்துகளையும் இடம் மாற்றி, சமன்பாட்டைத் தீர்த்து, விடையின் கீழ் கோடு போடுகிற பழக்கம் இணைந்த கணிதம் தொடங்கும் பிள்ளைகளிடம் நிறைய உண்டு. அந்தச் சார்புக்கு நேர்மாறு, அதாவது வெளியே வந்த பெறுமதியிலிருந்து உள்ளே போட்டதைத் திருப்பித் தரும் சார்பு, இருக்கிறதா என்ற கேள்வியே இடையில் காணாமல் போய்விடுகிறது. நேர்மாறு உண்டா இல்லையா என்பதைச் சூத்திரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தத் தொடையிலிருந்து (மூலகங்களின் கூட்டத்திலிருந்து) எந்தத் தொடைக்குப் போகிறோம் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஒரே சூத்திரம் ஓரிடத்தில் நேர்மாறுடனும் இன்னோரிடத்தில் நேர்மாறில்லாமலும் இருக்கும். இது பிடிபட்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்தது.

குறியீடுகளை முதலில் ஒழுங்குபடுத்துவோம். உள்ளே போடும் பெறுமதியை அ என்றும், வெளியே வருவதை இ என்றும், சார்பை ச என்றும் எழுதுகிறோம். ச(அ) = இ என்றால் "அ இன் விம்பம் இ" என்று பொருள். உங்கள் கொப்பியில் வேறு எழுத்துகள் இருந்தாலும் கணக்கு மாறாது.

சார்பு என்பதற்கு இரண்டே நிபந்தனைகள்

ஒரு தொடையை எடுங்கள், அது ஆட்சி. இன்னொரு தொடையை எடுங்கள், அது இணையாட்சி. ஆட்சியிலுள்ள மூலகங்களிலிருந்து இணையாட்சிக்கு அம்புக்குறிகள் போடுங்கள். அது சார்பாவதற்கு ஆட்சியின் ஒவ்வொரு மூலகத்திலிருந்தும் ஓர் அம்பு கிளம்ப வேண்டும். ஒரு மூலகத்திலிருந்து ஒன்றுக்கு மேல் கிளம்பக் கூடாது. வேறு நிபந்தனை எதுவும் இல்லை. சூத்திரம் இருக்க வேண்டுமென்பதுகூட இல்லை.

இணையாட்சியின் பக்கம் எதுவும் நடக்கலாம். இரண்டு அம்புகள் ஒரே மூலகத்தில் விழலாம். சில மூலகங்களில் எதுவும் விழாமல் போகலாம். உண்மையில் அம்பு விழுந்த மூலகங்களின் தொடைக்கு வீச்சு என்று பெயர். வீச்சு இணையாட்சிக்குள் அடங்கும். ஆனால் அதற்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை. இணையாட்சியையும் வீச்சையும் ஒன்றென்று நினைப்பதால் வரும் பிழைகள் ஏராளம். அதற்குக் கைப்பையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

தேசிய அடையாள அட்டையும் 500 உம்

இலங்கையின் 12 இலக்கங்கள் கொண்ட புதிய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டில் பிறந்த நாள் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த எண்ணுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு வைக்கிறார்கள். ஆகவே மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61 ஆவது நாள். ஏப்ரல் 15 இல் பிறந்த ஆணுக்கு 31 + 29 + 31 + 15 = 106; அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 606.

இங்கே ஒரு சார்பு இருக்கிறது. உள்ளே போவது பால், மாதம், திகதி. வெளியே வருவது மூன்று இலக்க எண். இணையாட்சியாக 001 தொடக்கம் 999 வரை எடுத்தால், வீச்சு 001 தொடக்கம் 366 வரையும், 501 தொடக்கம் 866 வரையுமே. 400 என்ற எண்ணுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. "400 க்குரிய பிறந்த நாள் எது?" என்று திருப்பிக் கேட்டால் விடையே கிடையாது.

ஆனால் வீச்சுக்குள் நின்று கேட்டால் விடை எப்போதும் உண்டு, அதுவும் ஒன்றே ஒன்றுதான். எண் 500 ஐ விடப் பெரிதென்றால் பெண். 500 ஐக் கழித்து நாளைக் கண்டுபிடியுங்கள். இல்லையென்றால் ஆண். இது குழப்பமின்றி நடப்பதற்குக் காரணம் 500 என்பது 366 ஐ விடப் பெரிது என்பதே. 500 க்குப் பதிலாக 300 ஐக் கூட்டியிருந்தால்? ஜனவரி 20 இல் பிறந்த பெண்ணுக்கு 320. நவம்பர் 15 இல் பிறந்த ஆணுக்கும் 320. இரண்டு அம்புகள் ஒரே இடத்தில் விழுந்துவிட்டன. 320 ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஆளைத் திருப்பிச் சொல்ல எந்தச் சூத்திரத்தாலும் முடியாது, ஏனென்றால் தகவல் வழியிலேயே தொலைந்துவிட்டது.

நேர்மாறு இல்லாமல் போவதற்கு இந்த இரண்டு காரணங்கள்தான் உண்டு. ஒன்று, இணையாட்சியில் அம்பு விழாத இடம் இருப்பது. மற்றது, ஒரே இடத்தில் இரண்டு அம்புகள் விழுவது. முதலாவதைத் திருத்துவது மிக இலகு: இணையாட்சியை வீச்சளவுக்குச் சுருக்கினால் போதும். இரண்டாவதுதான் உண்மையான தடை.

சாதாரண தரப் பரீட்சைச் சித்திகளை எடுங்கள். 75 உம் அதற்கு மேலும் ஏ, 65 தொடக்கம் 74 வரை பி, 50 தொடக்கம் 64 வரை சி, 35 தொடக்கம் 49 வரை எஸ், அதற்குக் கீழே டபிள்யூ. புள்ளியிலிருந்து சித்திக்குப் போவது சுத்தமான சார்பு. திரும்பி வரமுடியாது: பி என்றால் பத்துப் புள்ளிகளில் ஏதோ ஒன்று. மாறாக, காணியைப் பரப்பிலிருந்து பேர்ச்சுக்கு மாற்றினால் (1 பரப்பு = 10 பேர்ச்) எப்போதும் திரும்பி வரலாம். 4 பரப்பு 40 பேர்ச். 40 பேர்ச் 4 பரப்பு.

ஒன்றுக்கொன்றானதா? சோதிக்கும் வழிகள்

வெவ்வேறு உள்ளீடுகளுக்கு எப்போதும் வெவ்வேறு விம்பங்கள் கிடைத்தால் அந்தச் சார்பு ஒன்றுக்கொன்றானது. அதை நிறுவ மூன்று வழிகள் உண்டு. வினாவுக்கு ஏற்றதை எடுங்கள்.

அட்சரகணித வழி: ச(ப) = ச(க) என்று எழுதி, அதிலிருந்து ப = க என்பதைத் தவிர வேறு வழியில்லை என்று காட்டுங்கள். ச(அ) = (2அ + 1)/(அ − 3), அ ≠ 3 என்க. ச(ப) = ச(க) எனில்

(2ப + 1)(க − 3) = (2க + 1)(ப − 3)

விரித்தால் 2பக − 6ப + க − 3 = 2பக − 6க + ப − 3. பொதுவானவை நீங்க −7ப = −7க. ஆகவே ப = க. நிறுவியாயிற்று. இதன் மறுதலையைத் தொடக்கமாக எடுக்கக் கூடாது. "ப = க எனில் ச(ப) = ச(க)" என்று எழுதுவதால் எதுவும் நிறுவப்படவில்லை; அது எல்லாச் சார்புகளுக்கும் உண்மை.

ஒன்றுக்கொன்றானதல்ல என்று காட்டுவது இதைவிடச் சுலபம். ஓர் எதிருதாரணம் போதும். ச(அ) = அ³ − அ இல் −1, 0, 1 மூன்றுக்கும் விம்பம் 0. அத்துடன் முடிந்தது. "மூன்றாம் படி ஒற்றை, ஆகவே ஒன்றுக்கொன்றானது" என்ற நம்பிக்கை அ³ க்குச் சரி; அ³ − அ க்குப் பிழை.

வரைபு வழி: அடிமட்டத்தைக் கிடையாகப் பிடித்து மேலிருந்து கீழாக நகர்த்துங்கள். ஏதாவது ஓர் உயரத்தில் வரைபை இரண்டு இடங்களில் வெட்டினால் ஒன்றுக்கொன்றானதல்ல. நிலைக்குத்தாகப் பிடித்துப் பார்ப்பது வேறு சோதனை. அது சார்பா இல்லையா என்பதைச் சொல்லும். இரண்டையும் குழப்பாதீர்கள். வினாவுக்கு விடை எழுதும்போது வரைபை ஆதாரமாகக் காட்டுவதைவிட, வரைபைப் பார்த்து முடிவை ஊகித்துவிட்டு அட்சரகணிதத்தால் நிறுவுவது பாதுகாப்பானது.

பெறுதி வழி: ஓர் ஆயிடை முழுவதும் பெறுதி (வரைபின் சாய்வு) நேராக, அதாவது பூச்சியத்தை விடப் பெரிதாக, இருந்தால் சார்பு அந்த ஆயிடையில் அதிகரித்துக்கொண்டே போகும், ஆகவே அங்கே ஒன்றுக்கொன்றானது. முழுவதும் மறையாக இருந்தாலும் அப்படியே. இதில் ஓர் எச்சரிக்கை. ஆட்சி இடையில் அறுந்திருந்தால் இந்த வழி செல்லாது. தாஞ்சன் சார்புக்கு வரையறுக்கப்பட்ட எல்லா இடத்திலும் பெறுதி நேர்தான். இருந்தும் 45° க்கும் 225° க்கும் அதன் பெறுமதி 1. 90° இல் ஆட்சி அறுந்திருப்பதால் சார்பு கீழே போய் மறுபடி ஏறுகிறது.

நேர்மாறு காணும் ஒழுங்கு

ஆறு படிகள். ஒழுங்கை மாற்றாதீர்கள்.

1. ஆட்சியை எழுதுங்கள். தரப்படாவிட்டால் பகுதி பூச்சியமாகும் இடங்களையும், வர்க்கமூலத்துக்குள் மறை வரும் இடங்களையும் நீக்குங்கள்.
2. வீச்சைக் கண்டு, இணையாட்சியாக அதையே எடுங்கள்.
3. ஒன்றுக்கொன்றானதா என்று மேலே சொன்ன வழிகளில் ஒன்றால் காட்டுங்கள். இல்லையெனில் நிறுத்துங்கள், அல்லது ஆட்சியைச் சுருக்குங்கள்.
4. இ = ச(அ) என்று எழுதி, அ ஐ இ இன் உறுப்பில் தீர்த்தெடுங்கள்.
5. இரண்டு விடை வந்தால், ஆட்சியைப் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுங்கள்.
6. நேர்மாறின் ஆட்சியையும் சேர்த்து விடை எழுதுங்கள். பழைய வீச்சுத்தான் புதிய ஆட்சி.

முன்னர் எடுத்த ச(அ) = (2அ + 1)/(அ − 3) க்கு: இ(அ − 3) = 2அ + 1. அ உள்ள உறுப்புகளை ஒரு பக்கம் கொண்டுவந்தால் அ(இ − 2) = 3இ + 1. ஆகவே அ = (3இ + 1)/(இ − 2), இ ≠ 2. இ = 2 ஐப் போட்டால் 0 = 7 என்று வரும்; அதாவது 2 வீச்சில் இல்லை. வீச்சு தெரியாமல் தடுமாறினால் நான்காம் படியே அதைக் காட்டித்தரும். சரிபார்க்க ஓர் எண்: ச(4) = 9/1 = 9. திரும்ப (27 + 1)/(9 − 2) = 4. சரி.

இனி ஐந்தாம் படியின் அருமை தெரியும் உதாரணம். ச(அ) = அ² − 6அ + 11. ஆட்சி எல்லா மெய்யெண்களும் என்றால் ச(1) = 6, ச(5) = 6; நேர்மாறு இல்லை. வர்க்கமாக்கினால் ச(அ) = (அ − 3)² + 2. வளையி 3 இல் திரும்புகிறது, ஆகவே அங்கேதான் ஆட்சியை வெட்ட வேண்டும். அ ≤ 3 என்று தந்திருக்கிறார்கள் என்க. அப்போது

(அ − 3)² = இ − 2

அ − 3 = ±√(இ − 2)

அ ≤ 3 ஆதலால் அ − 3 நேராக இருக்க முடியாது. ஆகவே மறைக்குறிதான்: அ = 3 − √(இ − 2), இ ≥ 2. சரிபார்ப்பு: 1 இன் விம்பம் 6; 6 ஐத் திருப்பிப் போட்டால் 3 − 2 = 1. நேர்க்குறியைப் போட்டிருந்தால் 5 வந்திருக்கும், அது ஆட்சியிலேயே இல்லை. ± ஐ அப்படியே விடையில் விட்டுவிடுவது இன்னும் மோசம்: அது ஒரு பெறுமதிக்கு இரண்டு விம்பம் தருகிறது, ஆகவே சார்பே அல்ல.

ஆட்சியை எங்கே வெட்டுவது என்பது நம் தெரிவு. அ ≥ 3 என்று எடுத்தால் 3 + √(இ − 2) கிடைக்கும். இரண்டும் சரி, இரண்டும் வெவ்வேறு சார்புகளின் நேர்மாறுகள்.

கல்குலேட்டர் ஏன் 30° என்கிறது?

சைன் சார்பு ஒவ்வொரு 360° க்கும் திரும்பத் திரும்ப அதே பெறுமதிகளைத் தருவது. நேர்மாறு வேண்டுமென்றால் ஆட்சியை வெட்டியே ஆகவேண்டும். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வெட்டு: சைனுக்கு −90° தொடக்கம் 90° வரை, கோசைனுக்கு 0° தொடக்கம் 180° வரை, தாஞ்சனுக்கு −90° க்கும் 90° க்கும் இடையில், முனைகள் இன்றி. கோசைனுக்கு மட்டும் ஏன் வேறு ஆயிடை என்று கேட்பீர்கள். −90° தொடக்கம் 90° வரை கோசைன் ஏறி இறங்குகிறது: −60° க்கும் 60° க்கும் ஒரே 0.5. அதுமட்டுமல்ல, அந்த ஆயிடையில் மறைப்பெறுமதிகள் வருவதேயில்லை.

சைன் 150° = 0.5. கல்குலேட்டரில் 0.5 க்கு நேர்மாறு சைன் கேட்டால் 30° என்கிறது. அது பிழையல்ல, 150° சுருக்கிய ஆட்சிக்கு வெளியே இருக்கிறது. முக்கோணிக் கணக்கில் விரிகோணம் வரக்கூடிய இடத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால் விடை முழுவதும் கவிழும். 180° இலிருந்து கழித்து மற்றக் கோணத்தையும் எடுத்து, எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

அடிக்கடி சறுக்கும் இடங்கள்

ச இன் நேர்மாறை ச⁻¹ என்று எழுதுவார்கள்; அது 1/ச அல்ல. ச(அ) = 2அ + 5 எனில் ச(1) = 7, ஆகவே ச⁻¹(7) = 1. ஆனால் 1/ச(7) = 1/19. நேர்மாறு சைனுக்கு இந்த −1 குறியீட்டை 1813 இல் கொண்டுவந்தவர் ஆங்கிலேய அறிஞர் ஜோன் ஹேர்ஷல். சைன்² என்று எழுதும்போது 2 அடுக்காக இருக்க, சைன்⁻¹ இல் −1 அடுக்காக இல்லாதது புதியவர்களைக் குழப்புவது நியாயமே. வழி ஒன்றுதான்: −1 ஐக் கண்டால் "திரும்பி வா" என்று வாசியுங்கள், "கீழே போடு" என்று வாசிக்க வேண்டாம்.

இரண்டு சார்புகளை அடுத்தடுத்துச் செய்தால் திரும்பும் வழி தலைகீழாக அமையும், கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்று வடக்கே போன றயில் திரும்புகையில் இணுவிலைத்தான் முதலில் காண்பது போல. முதலில் 2 ஆல் பெருக்கி, பிறகு 5 ஐக் கூட்டினால் 3 ஆனது 11 ஆகும். திரும்பும்போது முதலில் 5 ஐக் கழித்து, பிறகு 2 ஆல் வகுக்க வேண்டும்: 11, 6, 3. ஒழுங்கை மாற்றி முதலில் வகுத்தால் 5.5, பிறகு 0.5.

ஒரு பக்கம் மட்டும் சரிபார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். வர்க்கமூலம் எடுத்து வர்க்கித்தால் பழைய எண் வருகிறது: √9 = 3, 3² = 9. அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறு என்று முடிவுகட்டினால், மறுபக்கம் உடைகிறது: (−4)² = 16, √16 = 4. −4 திரும்பி வரவில்லை. ஆட்சியை அ ≥ 0 என்று வைத்தால்தான் இரு பக்கமும் பொருந்தும்.

பகுதி பகுதியாகத் தந்த சார்புகளில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சோதித்தால் போதாது. அ < 0 இல் ச(அ) = அ + 2 என்றும், அ ≥ 0 இல் ச(அ) = அ² என்றும் எடுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒன்றுக்கொன்றானதே. ஆனால் ச(−1) = 1, ச(1) = 1. துண்டுகளின் வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது; அடையாள அட்டையில் 366 உம் 501 உம் தொடாமல் நிற்கின்றன அல்லவா, அதே நிபந்தனை. முதல் துண்டை அ − 1 என்று மாற்றினால் அதன் வீச்சு −1 க்குக் கீழே போய்விடும், மற்றதின் வீச்சு 0 உம் அதற்கு மேலும். இப்போது நேர்மாறு உண்டு. அதன் ஆட்சியில் −1 தொடக்கம் 0 க்குச் சற்றுக் கீழ் வரை ஓர் இடைவெளியும் உண்டு.

வரைபைப் பற்றியும் ஒரு சொல். நேர்மாறின் வரைபு, இ = அ என்ற கோட்டில் பழைய வரைபின் தெறிப்பு. அதனால் "இரண்டும் வெட்டும் புள்ளி அந்தக் கோட்டில்தான் இருக்கும்" என்று எடுத்துக்கொண்டு ச(அ) = அ ஐ மட்டும் தீர்ப்பார்கள். அதிகரிக்கும் சார்புக்கு அது சரி. ச(அ) = −அ³ ஐப் பாருங்கள்: ச(1) = −1, ச(−1) = 1. ஆகவே (1, −1) இரண்டு வரைபிலும் இருக்கிறது, கோட்டில் இல்லை.

முடிவுள்ள தொடைகளில் எண்ணிப் பார்ப்பது

சூத்திரத்தில் மூழ்குமுன் சிறு தொடைகளில் கைபழகினால் எண்ணக்கரு தெளியும். 3 மூலகங்களிலிருந்து 3 மூலகங்களுக்கு 3 × 3 × 3 = 27 சார்புகள் உண்டு. அவற்றில் நேர்மாறு உள்ளவை 3 × 2 × 1 = 6 மட்டுமே. 3 இலிருந்து 4 க்கு 64 சார்புகள். 24 ஒன்றுக்கொன்றானவை, ஆனால் ஒன்றுகூட இணையாட்சியை நிரப்பாது. 4 இலிருந்து 3 க்குப் போனால் எங்காவது இரண்டு அம்புகள் மோதியே தீரும். அம்புக்குறிப் படத்தில் ஆறையும் ஒருமுறை வரைந்து பாருங்கள்.

பயிற்சிக்கு நான்கு: நேர்மாறு உண்டா? உண்டெனில் காண்க

அ. ச(அ) = 3 − √(அ + 1), அ ≥ −1.
ஆ. ச(அ) = அ/(அ² + 1), ஆட்சி எல்லா மெய்யெண்களும்.
இ. ச(அ) = (3அ − 2)/(அ − 3), அ ≠ 3.
ஈ. ச(அ) = 2 இன் அ ஆவது அடுக்கு, இணையாட்சி எல்லா மெய்யெண்களும்.

விடைகள். முதலாவதன் வீச்சு 3 உம் அதற்குக் கீழும். நேர்மாறு (3 − இ)² − 1, இ ≤ 3. இந்த நிபந்தனையை எழுதாவிட்டால் விடை முழுமையல்ல: 5 ஐப் போட்டால் 3 வருகிறது, ஆனால் ச(3) = 1. இரண்டாவதற்கு நேர்மாறு இல்லை; 2 க்கும் 1/2 க்கும் ஒரே விம்பம் 2/5. ஆட்சியை −1 தொடக்கம் 1 வரை வெட்டினால் கிடைக்கும். மூன்றாவது தன் நேர்மாறு தானே; தீர்த்துப் பார்த்தால் அதே சூத்திரம் திரும்பி வரும். நான்காவது ஒன்றுக்கொன்றானது, ஆனால் 0 உம் மறையெண்களும் வீச்சில் இல்லை. ஆகவே தந்தபடி நேர்மாறு இல்லை. இணையாட்சியை நேர் மெய்யெண்களாக்கினால் 2 ஐ அடியாகக் கொண்ட மடக்கைதான் நேர்மாறு, 8 இன் மடக்கை 3 என்பதுபோல.